அப்பாவுக்கு வெட்டிய குழி

1955-ஆம் வருஷம், கார்த்திகை மழை. என் அப்பா சவரிமுத்துவின் உடலைக் கட்டை வண்டியில் கொண்டுவந்து எங்கள் வீட்டு வாசலில் இறக்கினார்கள். நான் கைக்குழந்தையோடு தாய்வீட்டுக்கு வந்திருந்த நேரம்.

ஆவூருக்குப் பக்கத்து ஊர் எங்களுக்கு. அப்பா கீரனூரில் யாருக்கோ கதவு மாட்டிக் கொடுக்கப் போனவர். மழை பிடித்துக்கொண்டது. காட்டாறு கரைபுரண்டது, பஸ் நின்றுபோனது. போனவர் வரவில்லை. நானும் ஆத்தாவும் மாதா படத்துக்கு முன்னால் முழங்காலில் கிடந்தோம். "தாயே, அவரை உசுரோட கொண்டாந்து விட்டுரு. வேற எதுவும் கேக்க மாட்டேன்" என்று ஜெபமாலையை உருட்டி உருட்டி விரல் மரத்துப் போனது. கடைசியில், ஆற்றோரம் ஒதுங்கிக் கிடந்த உடலோடு வந்தது அந்த வண்டிதான்.

முகம் அடையாளம் தெரியவில்லை. தண்ணீரில் ஊறி, முள்ளில் கிழிந்து கிடந்தது. ஆனால் சட்டை அப்பாவுடையது. பித்தான் அறுந்தால் கடையில் வாங்க மாட்டார். தேங்காய்ச் சிரட்டையைத் தேய்த்து, துளை போட்டு, தானே தைத்துக்கொள்வார். சிரட்டைப் பித்தான் இந்த வட்டாரத்தில் வேறு யார் சட்டையில் இருக்கும்? ஆத்தா அதைத் தொட்டுப் பார்த்தாள். அப்படியே மண்ணில் விழுந்தாள்.

அப்பா எப்படிப்பட்டவர் தெரியுமா? கிணற்று உருளை, அரிக்கேன் விளக்கு, கட்டில் கால், ஊரில் எது உடைந்தாலும் அவரிடம்தான் வரும். கூலி கேட்டதே இல்லை. என் பிள்ளைக்கு மரத்தொட்டில் செய்தார். பக்கத்து வீட்டுக்காரி ஆசையாகப் பார்த்தாள் என்று அதை அவளுக்குக் கொடுத்துவிட்டு எனக்கு வேறு செய்தார். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! அந்த மனுஷனுக்கா இந்தச் சாவு? "கேட்டேனே, காதுல விழலையா ஒனக்கு?" என்று மாதாவைப் பார்த்துக் கத்தினேன்.

உடல் தாங்காது, சீக்கிரம் எடுக்க வேண்டும் என்றார்கள். கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டியாயிற்று. கோயிலில் துக்கமணி அடித்தது. நாங்கள் மாரடித்து அழுதுகொண்டிருந்தோம். அப்போது கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

"என்னாத்தா, யாரு தவறிட்டா?"

திரும்பினேன். தலையில் கோணிச்சாக்கு, மேலில் சட்டையில்லை, இடுப்பில் உளி. அப்பா!

பேய் என்று பாதிக் கூட்டம் ஓடியது. ஆத்தா மட்டும் எழுந்து போய் அவர் நெஞ்சில் இரண்டு கையாலும் குத்தினாள். "எங்கிட்டுப் போயித் தொலைஞ்சீங்க? ஒங்களப் பொதைக்கப் போனமே!"

அக்கரையில் ஒரு வீட்டுக் கூரை விழுந்துவிட்டதாம். அதைத் தூக்கிக் கட்டிக் கொடுத்துவிட்டு, வெள்ளம் வடிந்ததும் சாவகாசமாக வருகிறாராம்! நான் சிரித்தேனா அழுதேனா தெரியாது. பிள்ளையைத் தூக்கி அவரிடம் நீட்டினேன். "தாயே, தாயே" என்பதைத் தவிர வாயில் வேறு சொல் வரவில்லை.

அப்பா பிள்ளையை வாங்கவில்லை. அவர் கண் உடலின்மேல் இருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆத்தங்கரையில நின்னான். குளிர்ல வெடவெடன்னு ஒதறுச்சு அவனுக்கு. பிள்ளைக்கு ஒடம்பு சரியில்ல, வீட்டுக்குப் போயாகணும்னான். சட்டையக் கழட்டிக் குடுத்தேன். பேரு கேக்கலையே, பாவி நான்!"

எங்கள் அழுகை நின்றுபோனது. யார் பெற்ற பிள்ளையோ எங்கள் வாசலில் கிடந்தது. மணியக்காரர் வந்து பார்த்தார். கூடியிருந்த அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களில் ஒருவருக்கும் ஆளைத் தெரியவில்லை. கோயில் காரியம் பார்க்கும் உபதேசியார் தயங்கினார். "ஞானஸ்நானம் வாங்குன ஆளோ என்னமோ. நம்ம கல்லறையில எப்படிங்க வைக்கிறது?"

அப்பா எழுந்தார். "அது எனக்கு வெட்டுன குழிதானே? நான் அவனுக்குக் குடுத்துட்டேன். நீங்க ஏன் அழுவுறத நிறுத்துனீங்க? அவனுக்கு அழுவ இங்க வேற யாரு இருக்கா?"

அடக்கத்துக்கு வந்திருந்த பங்குச் சாமியார் ஜெபப் புத்தகத்தைத் திறந்துகொண்டு கல்லறைப் பக்கம் நடந்தார். அப்பாதான் முதல் ஆளாகத் தோள் கொடுத்தார். நாங்கள் மறுபடி அழுதோம், முன்னைவிட அதிகமாகவே அழுதோம். பிறகும் எங்கெங்கோ விசாரித்தோம். அவரைத் தேடி யாரும் வரவில்லை.

அப்பா அதற்கப்புறம் பல வருஷம் இருந்து, பேரப்பிள்ளைகள் எல்லாருக்கும் நடைவண்டி செய்து கொடுத்துவிட்டுத்தான் கண்ணை மூடினார். ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டார். அதற்கு நானே சாட்சி. ஆனால் அதே மழையில், எங்கோ ஒரு வீட்டில், சீக்குப் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஒருத்தி என்னைப் போலவே கேட்டிருப்பாள். அன்றிலிருந்து என் வீட்டுக்காக மட்டும் ஜெபிக்க எனக்கு வாய் வரவில்லை.

அன்பானவர்களே, நம்பிக் கேளுங்கள். நான் கேட்டேன், பெற்றுக்கொண்டேன். கேட்கும்போது முகம் தெரியாத அவளையும் உங்கள் ஜெபத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு சாமியார், "யார் பேருக்கும்மா பூசை?" என்று கேட்பார்.

"ரெண்டு பேருக்குங்க, சாமி. ஒருத்தர் சவரிமுத்து."

"இன்னொருத்தர்?"

"அவருக்கும் எங்கப்பா பேரையே வச்சுக்கங்க, சாமி."