சைக்கிளுக்கு வழி இல்லை

ஸ்ரீரங்கம் ஒரு தீவு என்பது அங்கே குடியிருப்பவர்களுக்கே பாதி நேரம் ஞாபகம் இருக்காது. ஒரு பக்கம் காவிரி, மறுபக்கம் கொள்ளிடம். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறி அந்தப் பக்கம் இறங்குகிற யாரும் தீவுக்குப் போவதாக நினைத்துக்கொள்வதில்லை. நானும் நினைத்ததில்லை, காவிரிப் பாலத்தைப் பழுதுபார்க்கவென்று மூடும்வரை.

நான் கீபோர்டு சொல்லிக்கொடுப்பவள். மேலப்புதூர்ப் பக்கம் வீடு. ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்கு சர்ச்சில் வாசிப்பேன். மற்ற நாட்களில் வீடு வீடாகப் போய் வகுப்பு. எங்கே போனாலும் சைக்கிள்தான். ஸ்கூட்டி வாங்க முடியாமல் இல்லை. எனக்கு சைக்கிள் பிடிக்கும், அவ்வளவுதான். ஐம்பதை நெருங்குகிற பெண் சைக்கிளில் போனால் பார்க்கிறவர்களுக்கு உடனே ஒரு பரிதாபம் வந்துவிடுகிறது. "ஏங்க, ஒரு லோன் போட்டு வண்டி வாங்கிடலாமே?" என்று சிக்னலில் நிற்கும்போது முன்பின் தெரியாதவர்கள்கூட யோசனை சொல்லியிருக்கிறார்கள்.

என் மாணவர்களில் மூத்தவர் ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியில் இருக்கும் ஒரு மாமி. பாங்கில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். வேலையை விட்ட அடுத்த வாரமே கீபோர்டு வாங்கிவிட்டு என்னைக் கூப்பிட்டார். வீட்டில் மாமாவுக்கு இதில் இஷ்டமில்லை. "இந்த வயசுல விரல் மடங்குமா?" என்று என் காதுபடவே கேட்பார். மாமி வால்யூமைக் கூட்டுவார். செவ்வாயும் வெள்ளியும் மாலையில் அங்கே வகுப்பு. பாலத்தைத் தாண்டி மாம்பழச் சாலை வழியாக மிதித்தால் ஆற்றுக் காற்றில் களைப்பே தெரியாது.

பாலத்தை மூடியதும் வண்டிகளையெல்லாம் சுற்றிப் போகச் சொன்னார்கள். சென்னை பைபாஸில் இருக்கும் பாலத்தைப் பிடித்துத் திருவானைக்காவல் வழியாகத் திரும்ப வேண்டும். கார்க்காரர்களுக்குக் கொஞ்சம் பெட்ரோல், கொஞ்சம் நேரம். சைக்கிளில் போகிறவளுக்கு? முதல் செவ்வாய்க்கிழமை கிளம்பிப் போனேன். அந்தப் பாலத்தில் லாரிகள் வருகிற வேகத்தில் சைக்கிள் தானாகவே ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஒரு கன்டெய்னர் லாரி உரசிக்கொண்டு போனதில் கைப்பிடி திரும்பி, சுவரோரம் விழுந்தேன். இடது மணிக்கட்டில் நல்ல சிராய்ப்பு, வீக்கம். எழுந்து நின்று விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தேன். மடங்கின. அதற்குப் பிறகுதான் முழங்காலில் ரத்தம் வருவதைக் கவனித்தேன்.

வெள்ளிக்கிழமை நேராக மூடிய பாலத்துக்கே போனேன். எங்கள் கரையில், ஓடத்துறைப் பக்கம் தகரத் தடுப்பு வைத்து, அதன் முன்னால் ஒரு காவலாளி நின்றுகொண்டிருந்தார்.

"திரும்பிப் போங்க மேடம். பாலம் மூடியாச்சு."

"வண்டிக்குத்தானே மூடியிருக்கீங்க? நான் ஓரமா தள்ளிக்கிட்டு நடந்து போயிடறேன்."

"யாரையும் விடக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் பின்னால் ஹாரன் சத்தம். ஒரு வெள்ளை கார். காவலாளி ஓடிப்போய்த் தகரத்தை இழுத்து வழி விட்டு, ஒரு சல்யூட்டும் வைத்தார். கார் பாலத்தில் ஏறிப் போயே போய்விட்டது.

"இது யாருங்க?"

"சாரோட கார்."

"எந்த சார்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "பெரிய சார்."

எனக்கு வந்த கோபத்தில் சைக்கிளைத் தடுப்பின் மேலேயே சாத்திவிட்டேன். "அந்தக் காரோட வெயிட் என்ன, என் சைக்கிளோட வெயிட் என்ன? பாலம் எதைத் தாங்காதுன்னு மூடினீங்க?"

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து ஒரு சூப்பர்வைசர் வந்தார். சின்ன வயசுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார். "வேலை நடக்குற இடம் மேடம். உங்க சேஃப்டிக்குத்தான்."

கட்டுப் போட்டிருந்த மணிக்கட்டை அவர் முன்னால் நீட்டினேன். "என்னை பைபாஸ்ல லாரிக்கு நடுவுல அனுப்பினதும் என் சேஃப்டிக்குத்தானா?"

"பஸ்ல போகலாமே மேடம்."

பஸ்ஸும் சுற்றித்தான் போகிறது. அதுகூடப் பரவாயில்லை. என் அன்றைய வகுப்புகள் ஸ்ரீரங்கத்தில் ஒன்று, திருவானைக்காவலில் இரண்டு. சைக்கிள் இல்லாமல் போனால் ஒவ்வொரு இடத்துக்கும் ஆட்டோ பிடிக்க வேண்டும். சைக்கிளை ஏற்றலாமா என்று கேட்டதற்குக் கண்டக்டர், "எங்கம்மா ஏத்துறது, என் தலையிலயா?" என்றார். அவர் மேல் தப்பில்லை. பஸ்ஸே பிதுங்கிக்கொண்டுதான் போனது.

என் தங்கை கேரளாவில் கடலோர ஊர் ஒன்றில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அங்கிருந்து எதிரே இருக்கும் தீவுக்கு ஜங்கார் போகும். கார், வேன் எல்லாம் ஏற்றுகிற தட்டையான பெரிய படகு. அவள் வீட்டுக்காரரின் சைக்கிளை எடுத்துக்கொண்டு நான் அதில் ஏறியிருக்கிறேன். கார்கள் வரிசையாக நிற்க, அவற்றுக்கு முன்னால் இருந்த இடத்தில் எங்களை நிறுத்தினார்கள். மீன் கூடைக்காரர்கள், காலேஜ் பிள்ளைகள், நான். கரை வந்ததும் சங்கிலியை அவிழ்த்து முதலில் எங்களைத்தான் இறக்கினார்கள். நடந்து போகிறவர்கள் போன பிறகுதான் கார்களை ஸ்டார்ட் செய்தார்கள். யாரும் அதை ஒரு சலுகையாக நினைக்கவில்லை. இந்தப் பழக்கம் இங்கே வருவதற்கு என்ன தடை என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

வீட்டுக்குத் திரும்பி மாமிக்குப் போன் செய்தேன். மாமி கொதித்துப்போனார்.

"டீச்சர், செவ்வாக்கெழமை நீங்க அந்தப் பக்கம் நில்லுங்கோ. நான் இந்தப் பக்கத்துல போய்க் கேக்கறேன்."

சொன்னபடியே மாம்பழச் சாலைப் பக்கத் தடுப்புக்கு நடந்தே போய்விட்டார். நான் ஓடத்துறையில் நின்றேன். நடுவில் ஆறு முழுக்கத் தண்ணீர். மாமி போனை அணைக்காமல் கையில் பிடித்துக்கொண்டு பேசியதால் எல்லாம் எனக்குக் கேட்டது.

"பெருமாள் சேவிக்க எத்தனை பேர் நடந்து வரா தெரியுமோ? நடக்கறவாளுக்கு என்ன வழி வெச்சிருக்கேள்?"

அந்தப் பக்கக் காவலாளி ஏதோ சமாதானம் சொன்னார். பெரியவர் நிற்கிறாரே என்று ஒரு நாற்காலியும் கொண்டுவந்து போட்டார் போலிருக்கிறது.

"வழி கேட்டா நாற்காலி குடுக்கறேளே! இதுல உக்காந்துண்டு அக்கரைக்குப் போக முடியுமோ?"

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது எனக்கு. வழி மட்டும் கிடைக்கவில்லை. இரண்டு பேரும் அவரவர் வீட்டுக்குத் திரும்பினோம்.

சில மாதம் போனிலேயே வகுப்பு நடத்திப் பார்த்தேன். மாமி அங்கே வாசிப்பது இங்கே தாமதமாகக் கேட்கும். தாளம் சொன்னால் அது அங்கே போய்ச் சேருவதற்குள் பாட்டு முடிந்திருக்கும். மாமியின் இடது கை தப்பாகவே பழகிக்கொண்டது.

மாசியில் ஆற்றில் தண்ணீர் வடிந்தது. ஓடத்துறைப் படித்துறையில் பூக்காரப் பெண்களும் பால்கேன்காரர்களும் இறங்கி, மணல் வழியாக அக்கரையில் இருக்கும் அம்மா மண்டபப் படித்துறையைப் பார்த்து நடப்பதைக் கண்டேன். நானும் சைக்கிளோடு இறங்கினேன். பத்தடிகூடப் போகவில்லை, சக்கரம் மணலில் புதைந்தது.

"உருட்டினா வராதுக்கா. தூக்குங்க," என்று ஒரு பூக்காரப் பெண் பின்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள். கூடை தலையில், சக்கரம் கையில். நடுவில் ஓர் இடத்தில் முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர், சாக்கடை நாற்றத்தோடு. அதில் நின்று மூச்சு வாங்கியபோது அண்ணாந்து பார்த்தேன். எங்கள் தலைக்கு மேல் அந்தப் பாலம், காலியாக. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து இரண்டு பேர் டீ குடித்துக்கொண்டே எங்களை வேடிக்கை பார்த்தார்கள். வெட்கப்பட வேண்டியது நாங்களா அவர்களா என்று கத்திக் கேட்கத் தோன்றியது. மூச்சு இல்லை.

மாமி வீட்டு வாசலில் நனைந்த சுடிதாரும் சேறு படிந்த காலுமாக நின்றேன். கதவைத் திறந்தவர் மாமா. உள்ளே போய் ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். நான் கால் கழுவி முடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தார்.

"அக்கிரமம்," என்றார். "சுத்த அக்கிரமம். நீங்க உள்ளே வாங்கோ."

அன்று அவர்தான் காபி போட்டார். விரல் மடங்குமா என்ற பேச்சு அதோடு நின்றது.

பாலம் திறந்த அன்று காலையில் போனேன். வாழைமரம், தோரணம், மைக் செட். விருந்தினர்களின் கார்கள் போகும்வரை ஓரமாக நிற்கச் சொன்னார்கள். வெயிலில் நின்றோம், என்னைப்போலவே சைக்கிளோடு வந்திருந்த பத்துப் பதினைந்து பேர். கார்கள் போய்க்கொண்டே இருந்தன. பிறகு ஸ்கூட்டர்களை விட்டார்கள். அதற்கும் பிறகு எங்களை. வேலை முடிந்தும் அள்ளாமல் விட்ட ஜல்லி ஓரமெல்லாம் கிடந்ததால் நடுவில்தான் மிதிக்க முடிந்தது. பின்னால் ஒருவர் விடாமல் ஹாரன் அடித்து, கண்ணாடியை இறக்கி, "ஓரமாப் போம்மா!" என்று கத்திவிட்டுப் போனார்.

மாமி இப்போது இரண்டு கையாலும் வாசிக்கிறார். இடது கையைத் திருத்த எனக்கு அரை வருஷம் பிடித்தது.

பழைய பாலத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு பாலம் கட்டுகிறார்கள். போன வாரம் வகுப்புக்குப் போகும் வழியில், வேலை நடக்கும் இடத்தில் மஞ்சள் ஹெல்மெட் போட்ட ஒருவரைப் பார்த்து நிறுத்தினேன்.

"சார், இதுல சைக்கிள் போக தனியா வழி விடுவீங்களா?"

அவர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். சிரித்துக்கொண்டே சொன்னார்: "இப்பல்லாம் யாருங்க சைக்கிள்ல போறாங்க?"

நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அவர் எதிரில்தான் நின்றிருந்தேன். மணியை ஒரு தடவை அடித்தேன். அவர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார், எனக்குப் பின்னால் யாரோ வருகிறார்கள் என்று நினைத்து.