நேர் தெற்கே வைதேகி

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணா பெண் வைதேகி என் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தாள். இலையில் சாதம் விழுந்ததும் அவள் இடது கை தானாக இலையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டது.

"எதுக்குடி பிடிச்சுக்கறே? இலை எங்கேயும் ஓடாது."

சிரித்துவிட்டாள். "பழக்கம் அத்தை. மூணு வாரமா தட்டைப் பிடிக்கலேன்னா சாப்பாடு மடியிலதான்."

வைதேகிக்கு இருபத்தெட்டு வயது. திருவனந்தபுரத்துக் கரமனையில் பிறந்து, ஐ.டி. வேலைக்குப் போய், அதை விட்டுவிட்டுப் பந்தயப் பாய்மரப் படகில் ஏறியவள். கேப் டவுனில் கிளம்பி, இந்தியப் பெருங்கடலின் அடிவயிறு வழியாக ஆஸ்திரேலியா போய்ச் சேரும் பந்தயம். படகில் பத்துப் பேர். எஞ்சினை வைத்து ஓட்டக் கூடாது — காற்று எவ்வளவு தருகிறதோ அவ்வளவுதான்.

நான்கு மணி நேரம் வேலை, நான்கு மணி நேரம் ஓய்வு. ராப்பகல் இதேதான். படகு எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்தே ஓடும். (வீட்டை ஒரு பக்கம் தூக்கி வைத்துவிட்டுக் காபி போட்டுப் பாருங்களேன்!) பொடியில் வெந்நீர் ஊற்றினால் அதுதான் சாப்பாடு. குளியல்? கேட்காதீர்கள்.

இரண்டு பேருக்கு ஒரு படுக்கை வேறு. இவள் எழுந்து மேலே போனால், லூக் என்கிற பிரெஞ்சுக்காரன் இறங்கி வந்து அதே படுக்கையில் படுப்பான்.

"ஐயய்யோ, யாரோ ஒரு ஆம்பளை படுத்த படுக்கையா?" என்று, அவள் ஊர் திரும்பிய அன்று இதைக் கேட்டுப் பதறினாள் மன்னி — வைதேகியின் அம்மா.

"சூடா இருக்கும்மா. அந்தக் குளிர்ல அதுதான் சொர்க்கம்."

அண்ணா ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். பந்தயம் தொடங்கிய நாளிலிருந்து அவர் கையை விட்டு ஃபோன் இறங்கவில்லை. அதில் ஒரு மேப். ஒவ்வொரு படகும் ஒரு புள்ளி. ஆரஞ்சுப் புள்ளி நம் வைதேகி. பதினான்காம் நாள் காலை என்னைக் கூப்பிட்டார்.

"கேட்டியா கோமு, இன்னிக்குக் கொழந்தை நமக்கு நேர் தெற்கே ஆக்கும்! கரமனைலேர்ந்து ஒரு கோடு போட்டா அவகிட்டப் போய் நிக்கும். நடுவுல ஒரு நாடு கிடையாது. வெறும் கடல்!"

அந்தச் சந்தோஷத்தில் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போனார். உடைத்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

தேங்காய்க் கடைக்காரர்தான் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தது. இதயத்தில் மூன்று இடத்தில் அடைப்பு. மறுநாளே ஆபரேஷன் என்றார்கள்.

வைதேகியிடம் சொல்வதா... வேண்டாமா?

"சொல்லப்படாது," என்றாள் மன்னி. "அவ என்ன பறந்தா வரப்போறா? மனசு பதறி, அலைக்கு நடுவுல கையை விட்டுட்டாள்னா? ரெண்டு பேரையும் தாங்கற சக்தி எனக்கு இல்லை கோமு."

நியாயம்தானே? கரைக்கு இன்னும் எட்டு ஒன்பது நாள். ஹெலிகாப்டர்கூட எட்டாத தூரம். சொல்லி என்ன ஆகப்போகிறது?

ஆனால் என் மனசு வேறு ஒன்றை நினைத்தது. நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்... அந்தப் பெண் சிரித்துக்கொண்டே கரையில் குதிப்பாள். அப்போது யார் போய்ச் சொல்வது? என்ன முகத்தோடு?

மன்னி கான்டீனுக்குப் போன நேரம் பார்த்து, படகின் கேப்டனுக்கு ஈமெயில் அனுப்பினேன். அவள் பெயர் மார்கரெட், நியூசிலாந்துக்காரி. அவசரத்துக்கு என்று வைதேகி கொடுத்துவிட்டுப் போன முகவரி அது.

அனுப்பிய கையோடு அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். தப்புப் பண்ணிவிட்டேனோ? போன ஈமெயிலைத் திரும்பக் கூப்பிட முடியுமா?

அரை மணி நேரத்தில் பதில் வந்தது. 'இப்போது அவள்தான் சுக்கான் பிடித்துக்கொண்டிருக்கிறாள். ஒரு மணி நேரத்தில் கீழே வருவாள். முதலில் சூடாக டீ கொடுக்கிறேன். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து நானே சொல்கிறேன்.'

அதுவரை அழாதவள், அந்த டீயைப் படித்ததும் அழுதேன்.

மன்னியிடம் உடனே சொல்லிவிட்டேன். அவள் என்னைத் திட்டவில்லை. காபியை என் கையில் வைத்துவிட்டு, இரண்டு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை, ஆபரேஷனுக்கு முன்னால், படகிலிருந்து சாட்டிலைட் ஃபோன். ஸ்பீக்கரில் போட்டேன். பேசியது போய், பதில் திரும்பி வர இரண்டு நொடி ஆகிறது. அந்த இரண்டு நொடியும் ஒரு யுகம்.

"அப்பா..."

"எத்தனாவது எடத்துல இருக்கேள்? என் ஃபோனை இவா பிடுங்கி வெச்சுண்டுட்டா!"

"நாலாவது, அப்பா."

"மூணாவது படகு எத்தனை தூரம்?"

"முப்பது மைல்."

"பிடிச்சுடலாம். பேடிக்காதே, பயம் வேண்டாம். இங்கத்த காரியம் நான் பாத்துக்கறேன். அங்கத்தது நீ பாரு."

ஃபோனில் காற்று இரைந்தது. அதற்கு நடுவே மெல்லிய குரலில், "நான் வரச்சே நீ இருக்கணும்ப்பா."

"இருப்பேன்."

நிரூபணம் இல்லாமல் அண்ணா சொன்ன ஒரே விடை அதுதான் என்று நினைக்கிறேன். மன்னி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்றைக்குப் படகில் என்ன நடந்தது என்று போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போதுதான் வைதேகி சொன்னாள்.

"மார்கரெட் என்னை ரெஸ்ட் எடுக்கச் சொன்னா அத்தை. சும்மா படுத்துண்டிருந்தா பிராந்து பிடிச்சுடும்னு தோணித்து. என் முறை வந்ததும் மேலே போய்ச் சுக்கானைப் பிடிச்சேன். லூக்குக்கு அப்போ தூங்கற நேரம். அவன் கீழே போகலை."

"என்ன பேசினான்?"

"ஒண்ணும் பேசலை. கடல்ல விழாம இருக்கக் கட்டிக்கற பெல்ட்டை என் பக்கத்துல மாட்டிண்டு உக்காந்தான். பெரிய அலை வந்தா விரலால காட்டுவான். நாலு மணி நேரம், அத்தை! அதுக்கப்புறம் அவனோட முறை. தூங்காமலே அதையும் பண்ணினான்."

அந்தப் படுக்கை அன்றைக்கு நான்கு மணி நேரம் காலியாகக் கிடந்ததாம். தூக்கத்துக்கு ஏங்கும் படகில் அதைவிடப் பெரிய தானம் எது?

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. படகு நான்காவதாகத்தான் வந்தது. வைதேகி வீட்டு வாசலில் வந்து நின்றபோது, அண்ணா மார்பில் ஒரு தலையணையை அணைத்தபடி எழுந்து வந்தார் — இருமினால் தையல் வலிக்கும்.

"கடைசி ரெண்டு நாள் படகு வடக்கே போயிருக்கப்படாது, அதான் மூணாவது எடம் போச்சு," என்றுதான் வரவேற்றார். அவள் அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, ரொம்ப நேரம் எடுக்கவில்லை.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது வைதேகியிடம் கேட்டே விட்டேன். "நான் சொன்னது தப்பாடி?"

அவள் யோசிக்கக்கூட இல்லை. "நீ மறைச்சிருந்தா, அத்தை... இனிமே ஃபோன்ல நீங்க 'சௌக்கியம்'னு சொல்றச்சே எல்லாம் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும்."

மன்னி மட்டும் இன்னும் முழுசாக இறங்கி வரவில்லை. போனால் காபி தருகிறாள்... சர்க்கரைதான் போடுவதில்லை!