பிளக்கைப் பிடுங்கிய மதியம்

போன வாரம் எங்கள் வீட்டில் ஒரு சண்டை. கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்கு அப்புறம், புதிதாகச் சண்டை போட விஷயமே இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். கிடைத்துவிட்டது. ஒரு பிளக்!

ஏற்காட்டுக்குக் கோடையில் வந்தவர்களுக்குத் தெரியும். காலையில் பளிச்சென்று வெயில். மதியச் சாப்பாடு முடிவதற்குள் வானம் இருட்டி இடி ஆரம்பித்துவிடும். முதல் இடி காதில் விழுந்ததும் மலையில் எல்லா வீட்டிலும் ஒரே காரியம்தான் – டிவி, ஃப்ரிட்ஜ், மோட்டார் என்று அத்தனை பிளக்கையும் பிடுங்கிவிடுவார்கள். மின்னலுக்கு ஒரு டிவியையாவது பறிகொடுக்காத வீடு இங்கே குறைவு. என் மனைவி சரோஜா இதில் ரொம்பக் கறார்.

இப்போது ஒரு பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் குடியிருப்பது ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்கிற இடத்தில், மாடி வீட்டில். கீழே பஷீர் பாயின் போட்டோ ஸ்டூடியோ. என் கட்டுரைகள், அவர் எடுக்கும் கல்யாணப் படங்கள் எல்லாவற்றையும் போட்டு வைக்க, இருவரும் சேர்ந்து ஒரு நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டி வாங்கினோம். பெட்டி மாடியில் இருக்கிறது, ஒரு வயர் கீழே போகிறது. ஆகவே காவல்காரன் நான். சம்பளமும் கிடையாது, லீவும் கிடையாது.

அந்தப் பெட்டிக்கு ஸ்னாப்ஷாட் என்று ஒரு பழக்கம். தினமும் ஒரு தடவை, ‘இன்றைக்கு என்னிடம் இன்னின்ன இருந்தது’ என்று மனசில் பதிந்து வைத்துக்கொள்ளும். பிறகு நீங்கள் எதை அழித்தாலும் அது உள்ளுக்குள் விடாமல் பிடித்து வைத்திருக்கும். வீட்டில் ஏற்கெனவே அப்படி ஒருவர் இருப்பதால், எனக்கு இது சட்டென்று புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை.

பெட்டி நிறைந்துவிட்டதாகச் சிவப்பு விளக்கு எரிந்தது. பாயிடம் சொன்னேன். பழைய படங்களை அழித்தார். இடம் வரவில்லை. “இன்னும் அழிங்க பாய்” என்றேன். அழித்தார். ம்ஹூம்... எப்படி வரும்? அவர் அழித்ததையெல்லாம் ஸ்னாப்ஷாட் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதே! இதைக் கண்டுபிடிப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

சரி, ஸ்னாப்ஷாட்டையே ஒழித்துவிடலாம் என்று ஒரு மதியம் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் டிக் செய்தேன். ‘அழித்தால் திரும்பக் கிடைக்காது, சம்மதமா?’ என்று பெட்டி கேட்டது. யோசிக்கக்கூடத் தெம்பில்லை. சம்மதம் என்றேன். பழையதிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாக, ஆமை வேகத்தில் அழிந்துகொண்டு வந்தது.

பாதியில் இடி. பெட்டி அணைந்தது. திரும்பிப் பார்த்தால், கையில் பிளக்கோடு சரோஜா.

“அதை அப்படித் திடீர்னு அணைக்கக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது? சொல்லிட்டுப் பிடுங்கக் கூடாதா?”

“ஏனுங்க, இடி சொல்லிட்டா வருது?”

அந்தக் கோபத்தில் அன்று முழுக்க நான் பெட்டிப் பக்கமே போகவில்லை.

மறுநாள் காலை பஷீர் பாய் மாடியேறி வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

“சார், வாழவந்தி மாணிக்கத்தோட பொண்ணு கல்யாணம் எடுத்தேனுங்களே... நீங்க அழிக்கச் சொன்னப்ப அந்த ஃபோல்டரும் சேர்ந்து போயிருச்சுங்க. ஆல்பம் போட நேத்துலருந்து தேடுறேன், காணோம். கேமரா கார்டுலயும் அழிச்சுட்டு வேற கல்யாணம் எடுத்துட்டனுங்க.”

மாணிக்கம் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். கல்யாணத்தன்று அவர் மனைவி சேலத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். மகள் கழுத்தில் தாலி ஏறியதைப் பெற்றவள் பார்க்கவில்லை. இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார், ஆனால் படுத்த படுக்கை. ஆல்பம் வந்தால்தான் அவருக்கு அந்தக் கல்யாணம்.

நேற்று நான் செய்த காரியத்தை பாயிடம் எந்த வாயால் சொல்வது?

ஏதாவது ஸ்னாப்ஷாட் மிஞ்சியிருக்குமா என்று பிளக்கை மாட்டிப் பெட்டியைப் போட்டோம். ‘என்னை முறையாக அணைக்கவில்லை’ என்று முதலில் புகார். பிறகு தன்னைத்தானே சோதித்துப் பார்க்க ஆரம்பித்தது. சரோஜா டீ கொண்டுவந்து வைத்தாள். யாரும் குடிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து, கீழே பஸ்ஸை விட்டு இறங்கி வந்த மாணிக்கத்தின் குரல்.

“பாய்... ஆல்பம் என்னாச்சுங்க? ஊட்டுல நொம்பக் கேக்குதுங்க.”

பாய் என்னைப் பார்த்தார். நான் பெட்டியைப் பார்த்தேன்.

ஒருவழியாகத் திறந்தது. பழைய ஸ்னாப்ஷாட் எல்லாம் போயிருந்தன. அந்தக் கல்யாணம் இருந்தவற்றில், பாய் ஃபோல்டரை அழித்ததற்கு முந்தின நாளுடையது மட்டும் தப்பியிருந்தது. வரிசைப்படி அடுத்துப் போக வேண்டியது அதுதான்! உள்ளே மணப்பெண், மாப்பிள்ளை, தாலி, பந்தி... அத்தனையும் பத்திரமாக இருந்தன. பாய் தரையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். எனக்கும் கண் கலங்கியது.

சரோஜா ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ‘சொல்லிட்டுப் பிடுங்கியிருந்தா என்ன ஆயிருக்கும்?’ என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை.

போன் இடமில்லை, அழி என்கிறது. மெயில் இடமில்லை, அழி என்கிறது. அழித்து அழித்தே ஆயுசில் பாதி போகிறது. எதை அழிக்கிறோம் என்று பார்க்கவும் அலுப்பு... தீர யோசித்துச் செய்கிற தப்பைவிட, அலுத்துப் போய்ச் சொல்கிற ‘சம்மதம்’தான் ஆபத்து என்று தோன்றுகிறது.

நேற்று மாணிக்கம் பலாப்பழத்தோடு வந்தார். ஆல்பத்தில் குடும்பப் படம் ஒன்று. அவருக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடைவெளி. “சேர்ந்து நில்லுங்க” என்று பாய் அன்றைக்கு எவ்வளவோ சொல்லியும் அவர் நகரவில்லையாம்.

“ஊட்டுக்காரி அந்த எடத்துல வெரலை வெச்சுக்கிட்டு, ‘இது எனக்குங்களா’ன்னு கேட்டுச்சுங்க” என்றார்.

சிவப்பு விளக்கு இன்னும் எரிகிறது. எரியட்டும், எதையும் அழிக்கிற உத்தேசமில்லை.

இதோ, எழுதிக்கொண்டிருக்கும்போதே வானம் இருட்டுகிறது. சரோஜா பிளக் பக்கம் போய்விட்டாள். சொல்லிட்டுப் பிடுங்கு என்று நான் இப்போதெல்லாம் கேட்பதில்லை.