வாய் முகூர்த்தம்

தொண்ணூறுகளில் புனேயில், விபத்து வழக்குகள் நடத்தும் ஒரு வக்கீலிடம் ஜூனியராக இருந்தேன். தமிழ்க் கட்சிக்காரர் வந்தால் மொழிபெயர்ப்பும் என் தலையில்தான் விழும்.

புனேயை ஒட்டிய ஆகுர்டியில் தொழிற்சாலையில் வேலை பார்த்த தமிழர் ஒருவருக்கு, ஷிப்ட் முடிந்து சைக்கிளில் திரும்பும்போது லாரி மோதி முதுகெலும்பு முறிந்தது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. விழுப்புரம் பக்கத்திலிருந்து ஓடிவந்த அவருடைய அம்மாதான் இரண்டு வருடமாக மகனைத் தூக்கி, துடைத்து, திருப்பிப் படுக்க வைத்துக்கொண்டிருந்தார். காலம் முழுக்க அவரைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அதற்கு நஷ்டஈடு கேட்டுத்தான் வழக்கு.

அம்மா கூண்டில் ஏறி, "இனி எழுந்திருக்க மாட்டான்" என்று சொல்ல வேண்டும். படித்துப் படித்துச் சொன்னேன்.

"பெத்தவ வாயால அத எப்படிம்மா சொல்லுவேன்? வாய் முகூர்த்தம் பலிச்சிடும்."

"டாக்டரே எழுதிக் குடுத்துட்டாரும்மா."

"அவரா பெத்தாரு?"

எனக்குப் பொறுமை குறைவு. "உங்களுக்கு அப்புறம் அவர யாரு பாப்பாங்க?" என்று கேட்டே விட்டேன். அழுதுகொண்டே தலையாட்டினார். அப்படிக் கேட்டிருக்க வேண்டாம் என்று இன்றும் வலிக்கிறது.

விசாரணை நாளில் மகனுக்குச் சவரம் செய்து, சட்டைக்கு இஸ்திரி போட்டு, விபூதி பூசிச் சக்கர நாற்காலியில் அழைத்து வந்திருந்தார். லாரியின் இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல், மகன் இனி நடப்பாரா என்று கேட்டதும் அம்மா கூண்டிலிருந்து மகனைப் பார்த்தார்.

"தை பொறந்தா நடந்துருவான் சாமி."

உள்ளது உள்ளபடி மொழிபெயர்த்தேன். எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்தார். என் சீனியர் தலையில் கைவைத்துக்கொண்டார். அந்த அம்மாவின் மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது.

அப்போது மகன் கையைத் தூக்கினார். நீதிபதி பேசச் சொன்னார். மகன் இந்தியில், நிதானமாகச் சொன்னார்: "ஐயா, நான் இனி நடக்க மாட்டேன். ஆஸ்பத்திரியிலேயே எனக்குத் தெரியும். அம்மாவிடம் சொல்லத்தான் மனசு வரவில்லை."

நீதிபதி எழுதிக்கொண்டார். அம்மாவுக்கு இந்தி ஒரு வார்த்தை தெரியாது. கூண்டிலிருந்து குனிந்து என் கையைப் பிடித்தார்.

"எம்புள்ள என்னம்மா சொல்றான்?"

அவர் மகன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரை அந்தக் கோர்ட்டில் நான் ஒரு சொல்லையும் மாற்றிச் சொன்னதில்லை.

"நடப்பேன்னு சொல்றாரும்மா."

அந்த அம்மாவின் முகம் அப்படி மலர்ந்ததை அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

"பாத்தியா? நீதான் நம்பல" என்றார்.