அடுத்த நாள் பத்திரிகையில் வராதவை

அப்பாவின் தொழிற்சாலையில் ஆட்குறைப்பு நடந்த வாரம் நான் டென்மார்க்கின் ஓகூஸ் நகரிலிருந்து பிராண்டேயில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்து நின்றேன். அந்தத் தொழிற்சாலையில் அதற்கொரு முறை இருந்தது. அன்றைக்கு எல்லாரும் வீட்டில் இருக்கவேண்டும். யாருக்கு வேலை போகிறதோ அவருக்கு மதியத்துக்குள் போன் வரும். வராதவர்கள் மறுநாள் வழமைபோல் வேலைக்குப் போகலாம். அமைதியான, மரியாதையான ஏற்பாடு. டேனிஷ்காரருக்கு அது நன்றாகவே பொருந்தியிருக்கும். எங்கள் ஆட்களோ விடிந்ததிலிருந்து ஒருவருக்கொருவர் போன் எடுத்து, தொழிற்சாலையின் அழைப்பு, அந்தக் 'கோல்', வந்ததா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு மணிச் சத்தத்துக்கும் அப்பாவின் முகத்தில் நிறம் போய்த் திரும்பி வந்தது.

"அண்ணை, கோல் வந்ததோ?" அப்பாவோடு வேலை செய்யும் ஒருவர் பக்கத்து ஊர் ஹெர்னிங்கிலிருந்து கேட்டது என் காதிலும் விழுந்தது.

"ஓம், வந்தது."

"ஐயோ! எப்ப?"

"இப்ப. நீ எடுத்த கோல்தான். வை போனை."

அம்மா காலையிலேயே காரில் போகும் தூரத்தில் உள்ள கிரின்ஸ்டெட்டில் தான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டிருந்தார். வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். தொழிற்சாலையில் மண்டியிட்டபடி காற்றாலை இறக்கைகளுக்கு நார்த்துணி விரித்துப் பசை பூசியே அப்பாவின் முழங்கால்கள் தேய்ந்துவிட்டன. இந்த வயதில் இன்னொரு தொழிற்சாலை அவரை எடுக்காது என்பது எங்கள் மூவருக்கும் தெரியும்.

நான் மடிக்கணினியைத் திறந்து அவருக்குப் பக்கத்தில் வைத்தேன். அப்போது பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்துக்கொண்டு, பகுதிநேரமாக ஒரு பழம்பத்திரிகைக் காப்பகத்தில் வேலை செய்தேன். இயந்திரம் படமெடுத்த பக்கங்களில் அது பிழையாக வாசித்த எழுத்துகளைத் திருத்துவதுதான் வேலை. போர் துரத்தியதில் அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்கள். அவர்களுக்கு முந்தியவர்கள் அதன் வாசலையே பார்த்ததில்லை. எங்கள் பரம்பரையில் வாசிப்பதற்குச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான். அந்தப் பெருமையை நான் ஒருபோதும் மறைத்ததில்லை, இப்போதும் மறைக்கவில்லை.

அந்த மாதம் என்னிடம் இருந்தவை ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளின் டேனிஷ் பத்திரிகைப் பக்கங்கள். உலகமெங்கும் வேலையும் விலையும் விழுந்துகிடந்த காலம். தலைப்புகளைத் தமிழில் சொல்லி, அதற்குப் பிறகு என்ன நடந்திருக்கும் என்று நானே கதை கட்டிவிடுவது சின்ன வயதிலிருந்து எனக்கிருக்கும் பழக்கம். கடிதப்பெட்டிக்கு வரும் இலவசப் பத்திரிகையை அப்பாவுக்கு அப்படித்தான் வாசித்துக் காட்டுவேன்.

"நிலவுள்ள இரவுகளில் தெருவிளக்கு இல்லை: செலவைக் குறைக்க நகரசபை முடிவு" என்று முதலாவதை வாசித்தேன்.

"பிறகு?" என்றார் அப்பா, போனைப் பார்த்தபடி.

"பிறகு நிலவு நகரசபை ஊழியர் ஆயிட்டுது அப்பா. மாதத்திலை பாதி நாள்தான் வேலை. முகில் மூடினா சுகயீன லீவு. ஒருநாள் முகில் மூடின நேரம் தபால்காரர் எதிரிலை வந்த பசுவுக்குத் தொப்பியைக் கழட்டி வணக்கம் சொல்லிப்போட்டார். பசு திருப்பிச் சொல்லேல்லை. மனிசனுக்குச் சரியான கவலை."

"ஆற்றை பசுவாம்?"

"நகரசபை மேயற்றை."

"அப்ப திமிர் இருக்கும்தானே."

வெளியே மூடுபனி. தோட்டத்து வேலி இருந்த இடத்தில் வெண்மை மட்டும் நின்றது. அதற்குள் எங்கோ காற்றாலை ஒன்றின் இறக்கை வந்து, யோசித்து, மறைந்தது. அந்த வெண்மைக்குள் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தபால்காரர் இன்னும் நிற்பதுபோலத்தான் இருந்தது. போன் மறுபடி அடித்தது. மாமா. அப்பா எடுத்து, "இல்லை" என்ற ஒரே சொல்லோடு வைத்தார்.

"அட்டை இல்லாத பன்றிக்கு முழு விலை இல்லை" என்றேன். நாட்டில் பன்றிகள் கூடிப்போனதால் அந்தக் காலத்தில் விற்கிற பன்றிக்கு அட்டை கேட்டார்கள் என்பதையும் விளக்கினேன்.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அகதியாக வந்து வதிவிட அட்டைக்காக அவர் முகாமில் காத்திருந்த கதை எங்கள் வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம்.

"எங்களுக்கு முந்தியே பன்றிக்கு விசாவோ? பொறு பிள்ளை, இதை நான் சொல்லுறன். காலமை பன்றி போய் வரிசையிலை நிக்கும். கண்ணாடிக்குப் பின்னாலை இருக்கிறவ கேப்பா, நீர் எந்த நாடு? பன்றி சொல்லும், நான் இஞ்சைதான் பிறந்தனான். அவ கேப்பா, அது சரி, உண்மையா எந்த நாடு?"

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பிறந்த நாள் முதல் இந்த நாட்டில் இருக்கும் எனக்குப் பள்ளிக்கூடத்திலும் பஸ்ஸிலும் கேக் கடையிலும் கிடைத்த கேள்வி அது. அதை நான் வீட்டில் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அப்பா தானாகவே கண்டுபிடித்து, ஒரு பன்றியின் வாயில் வைத்துவிட்டார்.

மூன்றாவதை யோசிக்காமல் வாசித்துவிட்டேன். "ஊருக்கு வெளியே உள்ள மேட்டை வேலையற்றோர் வெட்டிச் சமப்படுத்துவர்."

"அவங்கள் வெட்டத் தொடங்கினாங்கள். நிப்பாட்டச் சொல்ல ஒருத்தரும் வரேல்லை. அந்த மேடு முடிய அடுத்த மேடு. பக்கத்து ஊர் மேடும் போச்சுது. டென்மார்க் இப்பிடித் தட்டையாக் கிடக்கிறதுக்கு அவங்கள்தான் காரணம்" என்றேன்.

அப்பா சிரிக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுத் திரைக்குக் கிட்ட வந்து, தலைப்புக்குக் கீழே இருந்த படத்தைப் பார்த்தார். தொப்பி போட்ட ஆண்கள் மண்வெட்டிகளோடு வரிசையாக நின்றார்கள்.

"பிறகு அவங்களுக்கு வேலை கிடைச்சதோ?"

"தெரியாது அப்பா. அடுத்த நாள் பத்திரிகையிலை அதைப் பற்றி ஒண்டும் இல்லை."

"நல்லாப் பார்த்தனியோ?"

"பார்த்தனான்."

இருவரும் ஜன்னலைப் பார்த்தோம். படத்தில் நின்றவர்கள் மண்வெட்டிகளைத் தோளில் வைத்து மூடுபனிக்குள் நடந்துபோவதாக எனக்குத் தோன்றியது. சத்தமே இல்லை. கடைசியாகப் போனவர் அப்பாவின் நீல வேலைச்சட்டையைப் போட்டிருந்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டேன்.

போன் அடித்தது. இம்முறை திரையில் இருந்தது தொழிற்சாலையில் அப்பாவின் மேற்பார்வையாளரான மேஸ்டரின் பெயர்.

நான் பழக்கத்தில் கையை நீட்டினேன். வைத்தியர், வங்கி, வரி அலுவலகம் என்று இந்த வீட்டின் டேனிஷ் போன்களை எட்டு வயதிலிருந்து நான்தான் பேசுகிறேன். அப்பா என் கையை மெல்ல விலக்கிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவர் உருவம் பாதி தெரிந்தது. தலையாட்டுவதும், மற்றக் கையால் வேலியைப் பிடித்துக்கொள்வதும் தெரிந்தன. "யா" என்று டேனிஷில் ஆமோதித்தார். "யா, யா." பிறகு நான் எதிர்பாராத நீளத்துக்கு அவரே ஏதோ பேசினார். கடைசியில் நன்றி சொன்னது மட்டும் தெளிவாகக் கேட்டது.

உள்ளே வந்தவர் கதவை மூடினார்.

"வேலை போட்டுது பிள்ளை."

"அவ்வளவு நேரம் என்ன கதைச்சனீங்கள்?" என்று கேட்டேன்.

"அவன் மேஸ்டர் அழுதிட்டான். விடிஞ்சதிலிருந்து அவன்தானே எல்லாருக்கும் எடுக்கிறான். போய் ஒரு கோப்பி குடி, பிறகு மற்ற ஆக்களுக்கு எடு எண்டு சொன்னனான்."

மேசையில் வைத்த போன் மறுபடி அடித்தது. ஹெர்னிங்காரர். இருவரும் ஒரே நேரத்தில் ஒன்றை நினைத்தோம். இவர்களில் ஒருவர் கேள்விப்பட்டால் போதும், கால்மணி நேரத்தில் அம்மாவுக்குச் செய்தி போய்விடும். அதுவும் எப்படிப் போகும்? வயதானவர்களுக்குச் சாப்பாடு ஊட்டிக்கொண்டிருக்கும்போது, சட்டைப்பைக்குள் இருக்கும் போனிலிருந்து, ஆறுதல் சொல்லுகிற குரலில்.

"வெளிக்கிடு," என்றார் அப்பா. "கொம்மாவுக்கு நாங்கள் முதல் சொல்லவேணும்."

நான் கார்ச் சாவியை எடுத்தேன். அவர் அதை வாங்கிக்கொண்டார். போனை அணைத்துப் பின்சீட்டில் போட்டார்.

கிரின்ஸ்டெட் வரை பனி, பைன் மரங்கள், மறுபடி பனி. அப்பா வேகத்தைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. முதியோர் இல்லத்தின் வாசலில் காரை நிறுத்தியபோது, வெள்ளைச் சீருடையோடு அம்மா ஒரு வயதானவரின் சக்கர நாற்காலியைக் கதவுக்குள் தள்ளிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் நின்றார். கையில் போன் இல்லை. அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், விளங்கிக்கொண்டார். நாற்காலியின் பிரேக்கை மிதித்துவிட்டு எங்களிடம் வந்தார்.

"ஆர் கார் ஓடினது?"

"நான்தான்" என்றார் அப்பா.

அம்மா அவருடைய கையைப் பிடித்துப் பார்த்தார். அது நடுங்கவில்லை.

"அப்ப சரி," என்றார். "உள்ளுக்கை வாங்கோ, குளிருது."