பதில் திரும்பாத பதினோரு பண்ணைகள்

நாமக்கல்லில் ஒரு கோழித்தீவனக் கம்பெனியில் தேவிப்ரியாவுக்கு இருபத்தொரு வருஷ வேலை. மலையடிவாரத்துப் பக்கம் பதினோரு பண்ணைகளில் செல்போன் சிக்னல் எடுக்காது. மூடிய ஷெட்டில் மின்விசிறி நின்றுவிட்டால் சித்திரை வெயிலில் அரைமணி நேரம் போதும், கோழிகள் கொத்துக்கொத்தாகச் சாய்ந்துவிடும். அதனால் ஒவ்வொரு ஷெட்டிலும் ஒரு மோடம் பெட்டி உண்டு. விசிறி நின்றால் அது தரைவழித் தொலைபேசியில் கம்பெனியின் டயல்-அப் சர்வரைக் கூப்பிடும். அலாரம் கம்ப்யூட்டர் அலறும். உடனே யாராவது ஆளை விரட்டுவார்கள். அந்த டயல்-அப் சர்வரை அமைத்ததும் அதைக் கட்டிக் காத்ததும் தேவிப்ரியாதான்.

ஏப்ரல் மாதம் கம்பெனி நெட்வொர்க்கைக் கோயமுத்தூர் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் ஒப்படைத்தார்கள். அடுத்த திங்கட்கிழமை காலை வழக்கமான சோதனையைச் செய்தபோது ஒரு பண்ணையும் அலாரத்தை எழுப்பவில்லை. மோடம் கூப்பிட்டது, சர்வர் எடுத்தது, இணைப்பும் கிடைத்தது. பண்ணையிலிருந்து கிளம்பிய தகவல் உள்ளே வருவதும் தெரிந்தது. பதில்தான் திரும்பிப் போகவில்லை; அது பெட்டிக்குப் போய்ச் சேராமல் அலாரம் எழாது.

மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்காமல் தேடி, மூன்று மணிக்குக் கண்டுபிடித்தாள். புது கேமராக்களுக்கு இடம் வேண்டுமென்று, அலுவலகத்தின் ஐ.பி. முகவரி வரிசையை யாரோ நடுவில் இரண்டாக வெட்டியிருந்தார்கள். வரிசை எங்கே முடிகிறது என்று சொல்லும் சப்நெட் மாஸ்க் மாறியிருந்தது. பண்ணைகளுக்கு ஒதுக்கிய பதினாறு முகவரிகளும் மேல்பாதியில், இருநூற்று நாற்பதாம் எண்ணிலிருந்து. அந்தப் பாதி இப்போது கேமராவுக்குப் போய்விட்டது. பண்ணைக்குப் போகவேண்டிய பதிலை ரூட்டர் கேமரா பக்கம் அனுப்பிக்கொண்டிருந்தது. ரூட்டரும் அலாரம் கம்ப்யூட்டரும் ஒப்பந்தக்காரர் வசம். கடவுச்சொல் அவளிடம் இல்லை.

கோயமுத்தூருக்குப் போன் போட்டாள். மதன் என்ற இன்ஜினியர் எடுத்தான்.

"ஒரே ஒரு வரிங்க தம்பி. இந்தப் பதினாறு முகவரியை டயல்-அப் சர்வருக்குத் திருப்பி விடுங்க, போதும்."

"புரியுது மேடம். ஆனா மாற்றம் எல்லாம் ஞாயித்துக்கிழமைதான் செய்ய விடுவாங்க. மெயில் போட்டு வைங்க."

"அதுவரைக்கும் கோழிக்கு யாருங்க பதில் சொல்றது?"

"இன்னமும் டயல்-அப் வச்சிருக்கீங்களா மேடம்?" என்றான் அவன். கிண்டல் இல்லை, நிஜமான ஆச்சரியம்.

மேலாளர் மோகன்குமாரிடம் போனாள். அவர் மெயிலைப் படித்துவிட்டு, "ஆறு நாளுதானுங்களே, பாத்துக்கலாம்" என்றார்.

அவள் காத்திருக்கவில்லை. கீழ்ப்பாதியில் யாரும் பயன்படுத்தாத பதினோரு முகவரிகளைத் தேடிப் பிடித்தாள். பெட்டிகளில் முகவரியை மாற்ற ஒவ்வொரு பண்ணைக்கும் நேரில் போய் லேப்டாப்பைச் சொருக வேண்டும். எல்லாப் பண்ணைக்கும் போன் செய்து, அதுவரை ஷெட்டை விட்டு நகரவேண்டாம் என்று சொன்னாள். கிட்ட இருப்பதிலிருந்து ஆரம்பித்து ஸ்கூட்டரில் ஒரு நாளைக்கு மூன்று பண்ணை. சேந்தமங்கலத்துக்கு அப்பால் மலையோரம் இருந்த ராசப்பனின் பண்ணை வெள்ளிக்கிழமை வரிசையில் விழுந்தது.

"எத்தன நாளைக்குச் சாமி காவல் இருக்கறது?" என்று கேட்டிருந்தார் ராசப்பன். "வியாழக்கெழம ஊட்டுக்காரிய சேலம் கூட்டிட்டுப் போகோணும். ரத்தம் சுத்தம் பண்ணோணுமல்ல."

"யாரையாச்சும் நிறுத்திட்டுப் போங்கண்ணா."

"ஆரு இருக்கா? சரி, பாக்கறேன்."

வியாழக்கிழமையே அங்கே போயிருக்கலாம். அன்றைக்கு அவள் எருமப்பட்டிப் பக்கம் எட்டாவது பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பகல் ஒன்றரைக்கு மலையோரம் கரண்ட் போனது. ராசப்பனின் ஜெனரேட்டர் எடுக்கவில்லை. மோடம் பெட்டி தன் பேட்டரியில் நாற்பத்தொரு தடவை கூப்பிட்டிருந்தது. சர்வர் அத்தனையையும் எடுத்திருந்தது. பதில் திரும்பாததால் ஒன்றுகூட அலாரமாக முடியவில்லை.

மறுநாள் அவள் போனபோது செத்த கோழிகளைப் போட்ட குழி பாதி மூடியிருந்தது. நாற்றத்தில் வண்டியை ரோட்டிலேயே நிறுத்தவேண்டி வந்தது. ராசப்பனின் மனைவி சென்னியம்மாள், ஊசி போட்ட கையில் கட்டோடு கட்டிலில் படுத்திருந்தார். எழுந்திருக்கப் பார்த்தவரைத் தேவிப்ரியா தடுத்தாள்.

"மன்னிச்சுருங்கண்ணா. உங்குளுதத்தான் மொதல்ல மாத்தியிருக்கோணும்."

ராசப்பன் மண்வெட்டியைக் கீழே வைத்தார். "நீங்க சொல்லத்தானுங்க செஞ்சீங்க. நான்தான் போயிட்டேன்."

அவர் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. கொண்டுவந்த லேப்டாப்பைத் திறக்காமலே திரும்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை மதன் அந்த ஒரு வரியைச் சேர்த்தான். இரண்டு நிமிஷ வேலை. எல்லாப் பண்ணைகளுக்கும் பதில் சுத்தமாகத் திரும்பிப் போனது. ஆனாலும் அந்த வாரக் கூட்டத்தில், பழைய கருவியால் நேர்ந்த இழப்பு என்று அறிக்கை எழுதி, டயல்-அப்பையே மூடுவதென்று முடிவெடுத்தார்கள். சப்நெட்டைப் பற்றி அறிக்கையில் ஒரு சொல் இல்லை. அவள் எழுதிய மூன்று பக்கத்தை மோகன்குமார் வாங்கி வைத்துக்கொண்டார், யாருக்கும் அனுப்பவில்லை. மலையோரப் பண்ணைகளுக்கு மாற்று ஏற்பாடு அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். அந்த அப்புறம் வரவேயில்லை. நான்கு பேர் கோழி வளர்ப்பதை விட்டுவிட்டார்கள், ராசப்பன் உட்பட.

தேவிப்ரியாவைக் கேமரா பார்க்கும் அறைக்கு மாற்றினார்கள். பன்னிரண்டு திரைகளில் கேட்டும் குடோனும் லாரியும் தெரிகின்றன. அந்தக் கேமராக்களின் முகவரிகள் அவளுக்கு மனப்பாடம். மே மாத மத்தியானங்களில் கரண்ட் போகும்போதெல்லாம் ஒரு நிமிஷம் எங்கோ ஒரு அலாரத்துக்குக் காது கொடுப்பதுபோல் உட்கார்ந்திருக்கிறாள். பிறகு ஜெனரேட்டர் எடுத்துக்கொள்கிறது, திரைகள் ஒவ்வொன்றாக வருகின்றன.