பூனாவில் எனக்கொரு பின்பக்கம்

பூனாவில் பெண்களுக்கு முகம் கிடையாது. ரோட்டில் இறங்கினால் மட்டும் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்கூட்டியை எடுப்பதற்கு முன் நீளமான துணி ஒன்றை நெற்றியிலிருந்து ஆரம்பித்து மூக்கு, வாய், காது எல்லாவற்றையும் மூடிச் சுற்றி, பிடரியில் இறுக்கி முடிச்சுப் போட்டுவிடுவார்கள். கண் மட்டும் மிஞ்சும், அதற்கும் மேலே ஒரு கறுப்புக் கண்ணாடி. கேட்டால் வெயிலுக்கு, புகைக்கு என்பார்கள். வந்த புதிதில், கொள்ளையடிக்கக் கிளம்பியவர்கள் மாதிரி இத்தனை பெண்கள் சிக்னலில் நிற்கிறார்களே என்று மிரண்டிருக்கிறேன். ஊரில் இருக்கும் உங்களுக்கு இதைச் சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் ஒரே கோடையில் நானும் கட்டப் பழகிவிட்டேன். முகத்தை மூடிவிட்டால் மிச்சம் இருப்பது முதுகும் அதற்குக் கீழே உள்ளதும்தான். என் அலுவலகத் தோழிகள் ரோட்டில் ஒருவரையொருவர் பின்னாலிருந்தே அடையாளம் கண்டு ஹார்ன் அடிப்பார்கள். எனக்கு மட்டும் யாரும் அடித்ததில்லை.

அதற்குக் காரணம் ஒருநாள் காலையில் தெரிந்தது. ஹடப்சரில் எங்கள் வீடு, விமான் நகரில் எனக்கு வேலை. நடுவில் ஒரு சிக்னலில் பச்சை விழுந்ததும், அலுவலகப் பேண்ட், சட்டையோடு கிளம்பினேன். சைடு ஸ்டாண்டை எடுக்க மறந்துவிட்டேன். பின்னால் வந்த ஆட்டோக்காரர் நல்ல மனுஷன், நான் விழுந்துவிடக் கூடாதே என்று, "அஹோ பாவு, ஸ்டாண்ட், ஸ்டாண்ட்" என்று கத்திக்கொண்டே வந்தார். பாவு என்றால் அண்ணன். யாரோ ஒரு அண்ணனைச் சொல்கிறார் என்று நான் பாட்டுக்குப் போனேன். அவர் பக்கத்தில் வந்து பார்த்தார், துணி சுற்றிய முகத்தையும் துணிக்குக் கீழே எட்டிப் பார்த்து ஆடிய ஜிமிக்கியையும் கண்டு நாக்கைக் கடித்துக்கொண்டு, "சாரி தாயி" என்றார். தாயி என்றால் அங்கே அக்கா. அண்ணனாக இருந்தவள் ஒரு நொடியில் அக்காவானேன். ஸ்டாண்டைத் தட்டிவிட்டு அவருக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் போனேன். ஆனால் அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. நாற்காலியில் உட்காரும்போதும் எழுந்திருக்கும்போதும் யாரோ பின்னால் நிற்பது போலவே இருந்தது.

பாளையங்கோட்டையில் இருந்தவரை எனக்குப் பின்பக்கம் என்று ஒன்று இருப்பதே நினைவில் இருந்ததில்லை. பாவாடை, தாவணி, பிறகு சேலை. ஆறு கஜத்தையும் சுற்றிக் கொசுவத்தைச் செருகிவிட்டால் உள்ளே சதை இருக்கிறதா பலகை இருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்? பெண் பார்க்க வந்தவர்கள்கூட நிறத்தைப் பார்த்தார்கள், பல்லைப் பார்த்தார்கள், நடக்கச் சொல்லிக் காலைப் பார்த்தார்கள். ஒரு அத்தை என்னைத் திரும்பச் சொன்னாள்தான், ஆனால் அவள் பார்த்தது சடையை. சடை அப்போது இடுப்புக்குக் கீழே தொங்கிக்கொண்டு எல்லாவற்றையும் மறைத்தது. ஹடப்சரில் டேங்கர் தண்ணீரில் குளித்துக் குளித்துச் சடை பாதியானது. பிறகு அலுவலகத்தில் எல்லோருக்கும் பேண்ட், சட்டை என்று விதி வந்தது. நான் சட்டையை வெளியே எடுத்துவிட்டு, கீழே இழுத்து இழுத்து நடந்தேன். படிக்கட்டில் ஏறும்போது எல்லோரையும் முன்னால் போகச் சொல்லிவிட்டுக் கடைசியில் ஏறுவேன். மரியாதை தெரிந்தவள் என்று பெயர் கிடைத்தது.

என் கணவருக்குத் தொழிற்பேட்டையில் வேலை, அவரும் திருநெல்வேலிக்காரர்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரிடம் விஷயத்தை மெல்ல எடுத்தேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "ஒனக்கு என்ன கொறச்சல், நல்லாத்தான இருக்க" என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பார்த்துவிட்டுச் சொன்னால் பரவாயில்லை. பார்க்காமலே நல்லாயிருக்கு என்று சொல்வதற்கு நான் என்ன மின்சார பில்லா? அந்த வாரமே, அலுவலகத்துக்கு எதிர்ச் சாரியில் மாடியில் இருந்த ஒரு தோல் டாக்டரிடம் நேரம் கேட்டேன். கத்தியில்லாமல் உடம்பை வடிவமைப்பதாகப் பலகையில் எழுதியிருந்தது. கீழே ஒரு பெண்ணின் படம், இடுப்புக்கு மேலே ஒன்றுமே இல்லாமல். அந்தப் படத்தைத் தாண்டித்தான் நான் ஒரு வருஷமாகச் சாப்பிடப் போய்க்கொண்டிருந்தேன்.

டாக்டர் ஐம்பது வயது மராட்டியப் பெண்மணி, மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். நான் எந்த டாக்டரிடம் போனாலும் வெறும் வயிற்றோடு போகிறவள். ரத்தம் எடுப்பார்களே என்று அம்மா பழக்கிவிட்டது. ஒரு பை நிறையப் பழைய ரிப்போர்ட்டுகள் வேறு, அதில் பிரசவத்துக்கு எடுத்த ஸ்கேன்கூட இருந்தது. அவர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு என்ன வேண்டும் என்று இந்தியில் கேட்டார். எனக்கு அந்த இடத்தைக் குறிக்கும் சொல் எந்தப் பாஷையிலும் வாயில் வரவில்லை. எழுந்து நின்று, திரும்பி, கையால் காட்டினேன். அவர் சிரிக்காததால் தப்பித்தேன். "கிஸ்கே லியே?" என்று கேட்டார், யாருக்காக என்று. நோயாளி யார் என்று கேட்கிறாராக்கும் என்று நினைத்து, எனக்குத்தான், வேறு யாருக்கு என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, நிறையப் பேர் கணவருக்காக என்பார்கள், நீ தெளிவான பெண் என்று பாராட்டினார். நான் அதை மறுக்கவில்லை.

திரைக்குப் பின்னால் எதிரெதிராக இரண்டு ஆளுயரக் கண்ணாடிகள். நடுவில் என்னை நிறுத்தி, ஊதா நிறப் பேனாவால் இரண்டு பக்கமும் வளைவாகக் கோடுகள் போட்டார். இங்கே மேடு வரும், இங்கே பக்கவாட்டுப் பள்ளம் நிரம்பும் என்று விளக்கினார். பேனா குளிர்ந்தது. முப்பத்துநாலு வருஷமாக என்னோடு வந்த ஒன்றை அன்றைக்குத்தான் நான் முதன்முதலாக முழுசாகப் பார்த்தேன். அசிங்கமாக எல்லாம் இல்லை. பள்ளிக்கூடப் பையனுடையது போல இருந்தது, பாவமாகவும் இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, பசிதான் என்று சொல்லிச் சமாளித்தேன். நர்ஸ் ஒரு பிஸ்கட் கொடுத்தாள்.

பிறகு டாக்டர் ஒளிவு மறைவில்லாமல் பேசினார். சூடு வைத்து இறுக்கும் மிஷின் தொங்கும் சதைக்குத்தான், உனக்குத் தொங்க ஒன்றுமில்லை, அதனால் அது வீண். ஊசி வழியாக ஒரு மருந்தைப் போட்டால் தோலுக்கு அடியில் மெல்ல மெல்லத் திரளும், ஆனால் சில வருஷங்களில் கரைந்துவிடும், திரும்பவும் போட வேண்டும். சிலருக்கு உள்ளே கட்டி தட்டும், எடுப்பது சிரமம். உடற்பயிற்சியில் கொஞ்சம் வரும், கொஞ்சம்தான். உடம்பில் குறை ஒன்றுமில்லை, எலும்பு வாகு அப்படி. கடைசியில், "பாவு என்று கூப்பிட்டவன் ஒருத்தன். அவனுக்காகக் குத்திக்கொள்ளப் போகிறாயா?" என்று கேட்டார். ஆட்டோ கதையையும், அக்கா வீட்டு விசேஷத்துக்கு ஊருக்குப் போவதையும் நான்தான் உளறியிருந்தேன். எனக்குச் சுருக்கென்றது. ஊசி போட வந்தவளுக்கு உபதேசம் எதற்கு என்றும் இருந்தது. ரிப்போர்ட்டுகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் திணிக்க ஆரம்பித்தேன். ஊருக்குப் போய்விட்டு வந்து முடிவெடு, அடுத்த வியாழக்கிழமை உனக்காக ஒரு இடம் வைத்திருக்கிறேன் என்றார் அவர்.

ரிப்போர்ட் பையை எடுத்துக்கொண்டு எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேறு எந்த வீட்டு வாசலிலும் போய்ட்டு வர்றேன் என்று சொல்லாமல் நாம் இறங்க மாட்டோம், ஆஸ்பத்திரியிலும் டாக்டரிடமும் மட்டும் அதைச் சொல்ல மாட்டோம். மறுபடி வரும்படி ஆகிவிடக் கூடாதே என்று பேசாமல் கிளம்பிவிடுவோம். மராட்டியர்களும் கிளம்பும்போது வருகிறேன் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்த டாக்டர் எல்லா நோயாளியிடமும் அதைக் கேட்டுப் பழகியவர் போலிருக்கிறது. நான் படியிறங்கும்போது அவர் கதவருகே வந்து நின்றதைப் பார்த்தேன்.

மறுநாள் ரயில். பாளையங்கோட்டையில் என் அக்கா வீடு கட்டி முடித்துப் பால் காய்ச்சினாள். பூனாக் குளியலும் ஊர்க் குளியலும் சேர்ந்தும் அந்த ஊதா மை போகவில்லை. விசேஷத்தன்று அக்கா எனக்குப் பட்டுச்சேலை கட்டிவிட வந்தாள். கொசுவத்தைச் செருகப் போனவள், பாவாடை நாடாவுக்கு மேலே எட்டிப் பார்த்த கோட்டைக் கண்டு நின்றுவிட்டாள். "என்னட்டி இது? யாரு வரஞ்சா?" என்றாள். நான் சேலையைக் கையில் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் போய்க் கதவைத் தாழ் போட்டுவிட்டு வந்து, குனிந்து, நிதானமாகப் பார்த்தாள்.

"எனக்கும் இப்படித்தான்" என்றாள். "நம்ம வீட்டுல எல்லாருக்குமே இப்படித்தான். அதனாலதான் அம்மா நாடாவ அம்புட்டு மேல கெட்டச் சொல்லுவா. நான் இத ஒருத்தர்ட்டயும் சொன்னதில்ல."

கல்யாணம் ஆகும்வரை ஒரே அறையில் ஒரே பாயில் படுத்திருந்தோம் நாங்கள். அவள் தேங்காய் எண்ணெயும் பஞ்சும் எடுத்து வந்து, குத்துவிளக்கு ஏற்றும்போது இது உடம்பில் இருக்க வேண்டாம் என்று சொல்லித் துடைக்க ஆரம்பித்தாள். தேய்க்கும்போது கை மென்மையாக இருந்தது. இடுப்பின் வலப்பக்கம் முடிந்தபோது என் செல்போன் அடித்தது. பூனா டாக்டர். நீ ஒரு வார்த்தை சொல்லாமல் போனாயே, நான் பேசியது உன்னை நோகடித்துவிட்டதா, மூன்று நாளாக மனசு கேட்கவில்லை என்றார். நான் என் அரைகுறை இந்தியில், நோகவில்லை மேடம், டாக்டரிடம் நாங்கள் வருகிறேன் என்று சொல்வதில்லை, அது எங்கள் பக்கத்து வழக்கம் என்று விளக்கினேன். அவர் சத்தமாகச் சிரித்தார். சரி, அப்படியானால் வியாழக்கிழமை இடத்தை வைத்திருக்கவா, வேறு ஆளுக்குக் கொடுத்துவிடவா, ஒருத்தி காத்திருக்கிறாள் என்றார்.

வெளியே ஆட்கள் அக்காவைக் கூப்பிட்டார்கள். அவள் புதுப் பஞ்சில் எண்ணெயை நனைத்துக்கொண்டு, இடப்பக்கத்துக்கு வந்து மண்டியிட்டு, என் முகத்தையே பார்த்தாள். இதையும் அழிக்கட்டுமா என்று கண்ணாலேயே கேட்டாள்.

"ரக்கியே மேடம்" என்றேன் போனில். இடத்தை வையுங்கள், வருகிறேன் என்றேன், டாக்டரிடம் சொல்லக் கூடாத அதே சொல்லை. பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டு அக்காவிடம் சொன்னேன், "அந்தப் பக்கத்தையும் தொடச்சிரு, அக்கா. வேணும்னா டாக்டர் புதுசா வரஞ்சுக்கட்டும்."